வர்த்தக ஒப்பந்தம் பேசும்போது விவசாயத்துக்கும் பண்பாட்டுக்கும் சுற்றுச்சூழலுக்கும் நிஜமாகவே இடம் உண்டா?

வரப்போரம் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். சிறு விவசாயிகளும் கைவினைக்காரர்களும் சேர்ந்து நடத்தும் ஒரு கூட்டமைப்பில் கடிதப் போக்குவரத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பெரிய பொருளாதாரம் ஒன்றுடன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் பேசப் போகிறார்களாம், சம்பந்தப்பட்டவர்களின் கருத்து வேண்டும் என்று எங்களுக்கும் கடிதம் வந்திருக்கிறது. இரண்டு பக்கத்துக்கு மிகாமல் எழுதித் தர வேண்டும்.

இதற்காகப் பழைய ஒப்பந்தங்கள் சிலவற்றைப் புரட்டினேன். முகவுரையில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பை உருவாக்கிய 1994 மராகேஷ் ஒப்பந்தத்தின் முகவுரையிலேயே நிலைத்த வளர்ச்சி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு என்று வருகிறது. உள்ளே போனால் பக்கம் பக்கமாக வரி விகிதம், ஒதுக்கீடு, காப்புரிமை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா என்பதுதான் எங்கள் ஆட்களின் சந்தேகம்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். இந்த மாதிரி அக்கறைகளை வைத்து ஒரு நாடு எப்போதாவது ஜெயித்திருக்கிறதா? அப்படியானால் நாங்கள் எதைக் கேட்க வேண்டும், எந்த இடத்தில் கேட்க வேண்டும்? இன்னொரு குழப்பமும் உண்டு. சுற்றுச்சூழல் விதிகள் வேண்டும் என்று நாமே எழுதிக் கொடுத்துவிட்டு, நாளைக்கு அதே விதி நம் ஏற்றுமதியைத் தடுத்தால் என்ன செய்வது? கூட்டமைப்புக்குள்ளேயே இதில் இரண்டு கட்சி. தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள்.

ஷரத்துவாசி எழுதியது:

ஜெயித்திருக்கிறார்கள், தோற்றும் இருக்கிறார்கள். யார் ஏன் தோற்றார் என்று பார்த்தால்தான் உங்களுக்குப் பயன்.

சரக்கு வர்த்தகத்துக்குப் பொது விதிகளை வகுத்த 1947 காட் ஒப்பந்தத்தில் 20ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. பொது ஒழுக்கம், மனிதர் விலங்கு தாவரங்களின் உயிரும் நலமும், தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளங்கள், கலை வரலாற்றுச் சிறப்புள்ள தேசியச் செல்வங்கள், இவற்றுக்காக ஒரு நாடு வர்த்தக விதியை மீறலாம் என்கிறது. ஆனால் அந்தப் பிரிவின் தொடக்க வாசகத்திலேயே ஒரு நிபந்தனை: நியாயமில்லாத பாகுபாடு காட்டக் கூடாது, பாதுகாப்பு என்ற பெயரில் மறைமுகமாக இறக்குமதியைத் தடுக்கக் கூடாது. வழக்குகளில் பெரும்பாலும் கால் இடறுவது இந்த நிபந்தனையில்தான், நோக்கம் தவறென்று தோற்பது குறைவு.

பிரேசில் டயர் வழக்கைப் பாருங்கள். பழைய டயருக்கு மேல் ரப்பர் ஒட்டிப் புதுப்பித்து விற்கும் சரக்கு ஐரோப்பாவிலிருந்து பிரேசிலுக்கு வந்துகொண்டிருந்தது. அதன் ஆயுள் குறைவு, சீக்கிரம் குப்பைக்குப் போகும். குவியலில் மழைநீர் தேங்கினால் டெங்குக் கொசு பெருகும், தீப்பிடித்தால் நச்சுப்புகை. இதனால் இறக்குமதியைத் தடை செய்தார்கள். ஐரோப்பிய ஒன்றியம் வழக்குப் போட்டது. 2007இல் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு, கொசு, தீ பற்றிய வாதத்தை ஏற்றுக்கொண்டது, தடை தேவையானதுதான் என்றும் சொன்னது. அப்படியும் பிரேசில் தோற்றது. ஏனென்றால் மெர்கோசூர் என்ற தென் அமெரிக்க வர்த்தகக் கூட்டணியில் இருக்கும் கூட்டாளி நாடுகளின் டயருக்கு மட்டும் விதிவிலக்குக் கொடுத்திருந்தார்கள், அது போதாதென்று உள்ளூர் நீதிமன்ற உத்தரவுகள் மூலம் உபயோகித்த டயர்கள் லட்சக்கணக்கில் உள்ளே வந்துகொண்டிருந்தன. கூட்டாளியான பராகுவேயிலிருந்து வந்த டயரில் கொசு முட்டையிடாதா என்றுதானே யாரும் கேட்பார்கள்?

இறால் வழக்கிலும் இதே கதைதான். கடலாமை தப்பிக்கும் கருவி இல்லாத வலையில் பிடித்த இறாலை அமெரிக்கா தடுத்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து வழக்குப் போட்டன. உயிருள்ள ஆமையும் தீர்ந்துபோகக்கூடிய இயற்கை வளம்தான் என்று 1998இல் தீர்ப்பு வந்தது, அது சுற்றுச்சூழலுக்குப் பெரிய வெற்றி. ஆனால் கரீபியன் பக்கத்து நாடுகளுக்கு 3 வருட அவகாசம், ஆசிய நாடுகளுக்கு 4 மாதம் என்று நடத்தியதால் அமெரிக்கா தோற்றது. பிறகு நடைமுறையைத் திருத்திக்கொண்டு, எல்லோருடனும் பேச்சு நடத்தி, 2001இல் அதே தடையைக் காப்பாற்றிக்கொண்டது. சட்டம் மாறவில்லை, அமல்படுத்திய விதம்தான் மாறியது.

ஆகவே விதிவிலக்குப் பிரிவை மட்டும் நம்பாதீர்கள், அது வழக்கு வந்த பிறகு பிடித்துக்கொள்ளும் கேடயம். அதைவிடப் பலமானது, வரிக்குறைப்புப் பட்டியலிலேயே உங்கள் பொருள் சேராமல் பார்த்துக்கொள்வது. கொடுக்காத சலுகையை எந்த வழக்கும் கேட்க முடியாது. தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் கிட்டத்தட்ட எல்லா வர்த்தகத்தையும் உள்ளடக்க வேண்டும் என்று காட் 24ஆம் பிரிவு சொன்னாலும், அந்தக் கிட்டத்தட்ட எத்தனை சதவீதம் என்று உறுப்பு நாடுகள் இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை. அந்த இடைவெளியில்தான் எல்லா நாடுகளும் தங்கள் பால், சர்க்கரை, அரிசி என்று ஒளித்து வைக்கின்றன.

விதைநெல் எழுதியது:

ஷரத்துவாசி சார் சொல்வது சரி, ஆனால் வழக்கு, தீர்ப்பு என்பதெல்லாம் அரசாங்கங்களின் கால அளவு. விவசாயிக்கு ஒரு பருவம் போனால் போனதுதான்.

ஹைட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் நடுவில் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதத்துக்குக் குறைத்தார்கள், அவ்வளவு கடன் நெருக்கடி, அவ்வளவு வெளி அழுத்தம். மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து இறங்கியது. அர்த்திபோனீத் பள்ளத்தாக்கில் நெல் போட்டவர்கள் போட்டி போட முடியாமல் போனார்கள். 2010இல் நிலநடுக்கத்துக்குப் பிறகு பில் கிளின்டனே அமெரிக்க செனட் குழு முன்னால் உட்கார்ந்து, அந்தக் கொள்கை தன் மாநிலமான ஆர்கன்சாவின் விவசாயிகள் சிலருக்கு நல்லதாக இருந்திருக்கலாம், ஆனால் பலிக்கவில்லை, தவறாகிவிட்டது என்று ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்டு என்ன, நெல் வயலை விட்டு நகரத்துக்குப் போனவன் திரும்பி வருவானா? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இறக்குமதி திடீரென்று பெருகினால் வரியைக் கூட்டிக்கொள்ளலாமே என்பார்கள். உலக வர்த்தக அமைப்பின் பாதுகாப்பு நடவடிக்கை ஒப்பந்தம் அதை அனுமதிக்கிறது, ஆனால் முதலில் விசாரணை நடத்தி, உள்நாட்டு உற்பத்திக்குக் கடுமையான பாதிப்பு என்று நிரூபிக்க வேண்டும். நாலு பெரிய ஆலைகள் இருக்கும் தொழிலுக்கு அது முடியும், கணக்குப் புத்தகம் இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். லட்சக்கணக்கான சின்ன நிலங்களில் விளையும் பயிருக்கு யார் கணக்குக் காட்டுவது? அவசர நிலைக்குத் தற்காலிக வரி போடலாம், அதுவும் அதிகபட்சம் 200 நாள், அதற்கும் முதல்கட்ட ஆதாரம் வேண்டும்.

விவசாய ஒப்பந்தத்தில் விசாரணை இல்லாமல் தானாக வேலை செய்யும் ஒரு சிறப்புப் பாதுகாப்பும் உண்டு. அளவு இத்தனை தாண்டினால், அல்லது விலை இத்தனைக்குக் கீழே போனால், வரி கூடும், அவ்வளவுதான். ஆனால் உலக வர்த்தக அமைப்பை உருவாக்கிய உருகுவே சுற்றுப் பேச்சில் மற்றத் தடைகளையெல்லாம் வரியாக மாற்றி, அந்த உரிமையையும் அப்போதே குறித்து வைத்த நாடுகளுக்கு மட்டும்தான் அது, பணக்கார நாடுகள் பல அதில் உண்டு, வளரும் நாடுகளில் பெரும்பாலானவை வெளியே. அதே மாதிரி ஒன்று எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டதில்தான் 2008 ஜூலையில் ஜெனீவாவில், அதற்கு அடுத்த தோகா சுற்றுப் பேச்சு உடைந்தது. இறக்குமதி 40 சதவீதம் கூடினால்தான் பழைய உச்சவரம்பைத் தாண்டி வரி போடலாம் என்று ஒரு சமரசம் வைத்தார்கள், இந்தியாவும் சீனாவும் அது ரொம்ப அதிகம் என்றன, அமெரிக்கா இறங்கி வரவில்லை. 40 சதவீதம் கூடும்வரை காத்திருந்தால் அறுவடை நேரத்து விலை என்ன ஆகும் என்று விவசாயம் செய்தவனுக்குத் தெரியும். பத்திரிகைகள் அப்போது ஏதோ வறட்டுப் பிடிவாதம் மாதிரி எழுதின.

அதனால் வரப்போரம், நீங்கள் எழுதும் இரண்டு பக்கத்தில் ஒரு முழுப் பக்கம் இதற்கே போனாலும் தப்பில்லை. விலக்கு கிடைக்காத பயிர்களுக்குத் தானியங்கிப் பாதுகாப்பு, விசாரணை இல்லாமல், அளவையும் விலையையும் வைத்து. அதுவும் பத்து வருஷத்தில் காலாவதியாகிற மாதிரி போடுவார்கள், அந்த வரியைத் தேடிப் பாருங்கள்.

கடைசி_பெஞ்சு எழுதியது:

மானியம் கொடுப்பவன், வர்த்தகத்தை எவ்வளவு பாதிக்கும் என்று பிரித்து, பச்சைப் பெட்டி, நீலப் பெட்டி, மஞ்சள் பெட்டி என்று மூன்று பெட்டி வைத்து, மானியத்தைக் குறைக்கச் சொன்னால் ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு மாற்றி வைக்கிறான். ஏழை நாடு பஞ்சத்துக்கு நெல் கொள்முதல் செய்தால் 1986–88 விலையோடு ஒப்பிட்டு, நீ அதிகமாக மானியம் கொடுக்கிறாய் என்கிறார்கள். நாற்பது வருஷத்துக்கு முந்தைய விலை! இதைத் தாண்டி எதுவும் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

கப்பலேறி எழுதியது:

நான் ஏற்றுமதிப் பக்கத்து ஆள். அதனால் வரப்போரத்தின் கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், மற்றவர்கள் அதைத் தொடவே இல்லை.

சுற்றுச்சூழல் விதி ஏற்றுமதியைத் தடுக்குமா என்றால், தடுக்கும். விதி கெட்டது என்பதால் இல்லை, நிரூபிக்கிற செலவு யார் தலையில் என்பதால். ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் கொண்டுவந்த காடழிப்புச் சட்டத்தைப் பாருங்கள். காப்பி, கோகோ, ரப்பர், பாமாயில், சோயா, மரம், மாடு, இந்த ஏழும் இவற்றிலிருந்து செய்த பொருள்களும் 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்திலிருந்து வந்திருக்கக் கூடாது. நல்ல நோக்கம், யாரும் மறுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு சரக்குக்கும் அது விளைந்த நிலத்தின் அட்சரேகை தீர்க்கரேகை வேண்டும், 4 ஹெக்டேருக்கு மேல் இருந்தால் எல்லைக்கோட்டையே வரைந்து கொடுக்க வேண்டும். பெரிய தோட்டம் வைத்திருக்கும் கம்பெனிக்கு இது ஒரு மென்பொருள் செலவு. முந்நூறு பேரிடம் மூட்டை மூட்டையாக வாங்கி ஒன்றாகக் கொட்டிக் கலக்கும் வியாபாரிக்கு இது நடக்கிற காரியமா? ஒருத்தர் நிலத்தில் சந்தேகம் வந்தால் குவியல் முழுவதும் போச்சு. அவர் என்ன செய்வார், சின்ன விவசாயியிடம் வாங்குவதை நிறுத்திவிடுவார். காட்டை வெட்டாதவனே சந்தையை விட்டு வெளியே. அமலாகும் தேதியைத் திரும்பத் திரும்பத் தள்ளிப் போட்டதற்கே இந்தக் குழப்பமும் ஒரு காரணம்.

தயாரிப்பில் வெளியாகும் கார்பனுக்காக அதே ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி மேல் போடும் கார்பன் எல்லை வரியும் அப்படித்தான், இரும்பு, அலுமினியம், சிமெண்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் என்று இப்போதைக்கு ஆறு. 2023 அக்டோபரிலிருந்து கணக்கு மட்டும் கேட்டார்கள், 2026இலிருந்து காசு. பணம் வசூலாகிப் போவது இறக்குமதி செய்யும் நாட்டின் கஜானாவுக்கு. வசதி குறைந்த நாட்டு ஆலை புகையைக் குறைக்க அதிலிருந்து ஒரு பங்கு திரும்ப வந்தால் நானே கைதட்டுவேன்.

சுற்றுச்சூழல் ஷரத்தே வேண்டாம் என்று எழுதாதீர்கள், அது எடுபடாது, எழுதினால் உங்களைப் பழமைவாதி என்று ஓரம் கட்டுவார்கள். விதி போடுகிறவர் நிரூபிக்கிற செலவில் பங்கு தர வேண்டும், சிறு உற்பத்தியாளர்களுக்குக் குழுவாகச் சான்று வாங்க வழி வேண்டும், அவகாசம் எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி வேண்டும், இப்படி எழுதுங்கள். இறால் வழக்கில் 3 வருஷம், 4 மாதம் என்று மேலே சொன்னாரே, அதையே மேற்கோள் காட்டலாம்.

வரப்போரம் எழுதியது:

ரொம்ப நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. விதைநெல் அண்ணா சொன்ன தானியங்கிப் பாதுகாப்பு முதல் பக்கத்தில் போகிறது.

இரண்டு விஷயம் பாக்கி. கைவினை, நாட்டுப்புறக் கலை சார்ந்தவர்களும் எங்களோடு இருக்கிறார்கள், பண்பாடு பற்றி ஒரு பத்தியாவது வேண்டும் என்கிறார்கள். நான் நினைத்தேன், பண்பாட்டுக்கு யுனெஸ்கோ ஒப்பந்தம் இருக்கிறதே, அதைச் சுட்டிக்காட்டினால் போதாதா என்று. அப்புறம் விதை. சொந்த விதையை எடுத்து வைத்து மறுபடி விதைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் வரும் என்று ஒரு பேச்சு அடிபடுகிறது, அது எந்த அளவுக்கு உண்மை?

திரைமறைவு எழுதியது:

யுனெஸ்கோவை மட்டும் நம்பினால் ஏமாந்து போவீர்கள். பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்முகத்தன்மை பற்றிய அந்த உடன்படிக்கை 2005இல் 148க்கு 2 என்ற வாக்கில் நிறைவேறியது, எதிர்த்தது அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டும். கேட்க பிரமாதமாக இருக்கிறது. அதன் 20ஆம் பிரிவைப் படியுங்கள். முதல் பத்தியில் இந்த உடன்படிக்கை வேறு எந்த ஒப்பந்தத்துக்கும் கீழ்ப்பட்டதல்ல என்கிறது, அடுத்த பத்தியில் வேறு ஒப்பந்தங்களில் உள்ள உரிமைகளையும் கடமைகளையும் இது மாற்றாது என்கிறது. சீனா 2009இல் புத்தகம், திரைப்பட இறக்குமதி வழக்கில் பண்பாட்டுப் பொருள்கள் சாதாரணச் சரக்கல்ல என்று வாதாடியது, பொது ஒழுக்கம் என்றும் சொன்னது. தோற்றது. அந்த வழக்கில் இன்னொரு படிப்பினையும் உண்டு: ஒலிப்பதிவு விநியோகத்தைத் திறந்துவிடுகிறோம் என்று சீனா உலக வர்த்தக அமைப்பில் சேரும்போது எழுதிக் கொடுத்தது, மனதில் வைத்திருந்தது கேசட்டும் சி.டி.யும். இணையத்தில் பாட்டு விற்பதும் அதில் அடக்கம் என்று தீர்ப்பானது.

இதனால்தான் சேவைத் துறைப் பட்டியல் எந்த வகை என்று முதலில் கேளுங்கள். உலக வர்த்தக அமைப்பின் சேவை ஒப்பந்தத்தில் ஒரு நாடு எந்தத் துறையை எழுதிக் கொடுக்கிறதோ அதன் சந்தையை மட்டும்தான் திறந்துவிட்டதாகக் கணக்கு. புதிய ஒப்பந்தங்கள் பலவற்றில் தலைகீழ், எதை விலக்கி எழுதவில்லையோ அதெல்லாம் திறந்தது. எழுத மறந்த துறையும் போச்சு, இன்னும் கண்டுபிடிக்காத துறையும் போச்சு. கூடவே, ஒருமுறை தளர்த்திய விதியைத் திரும்ப இறுக்க முடியாது என்று ஒரு ஷரத்தும் வரும்.

சினிமாவைப் பொறுத்தவரை 1947 காட்டின் 4ஆம் பிரிவே உள்நாட்டுப் படத்துக்குத் திரையரங்கு நாள் ஒதுக்கலாம் என்று அனுமதிக்கிறது. அப்படியும் தென்கொரியா அமெரிக்காவோடு ஒப்பந்தம் பேச உட்காருவதற்கே விலையாக, 146 நாள் ஒதுக்கீட்டை 2006இல் 73 ஆகக் குறைத்தது. நடிகர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள், பலிக்கவில்லை. அனுமதி உங்கள் கையில் இருந்தாலும் பேச்சு தொடங்குமுன் அதை விற்றுவிட முடியும் என்பதற்கு இது உதாரணம். கொரியப் படங்கள் அதற்குப் பிறகும் நன்றாகத்தான் ஓடுகின்றன என்று யாராவது வருவார்கள். உண்மைதான், ஆனால் அந்தத் தொழிலுக்குப் பல வருட ஒதுக்கீடும் அரசு ஆதரவும் முன்னாடியே கிடைத்துவிட்டது.

நீங்கள் முன்மாதிரியாகக் காட்ட வேண்டியது நியூசிலாந்து. 2001இல் அமலுக்கு வந்த சிங்கப்பூர் ஒப்பந்தத்திலிருந்து, பூர்வகுடி மாவோரி மக்களுக்குச் சாதகமாக அரசு எடுக்கும் நடவடிக்கைகளைத் தடுக்க முடியாது என்று மாவோரிகளும் பிரிட்டிஷ் அரசும் செய்துகொண்ட வைதாங்கி உடன்படிக்கையின் பெயரில் விதிவிலக்கு ஒன்றைத் தொடர்ந்து தன் தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களில் சேர்த்து வருகிறது. அந்த உடன்படிக்கைக்கு என்ன அர்த்தம் என்பதை வர்த்தகத் தீர்ப்பாயம் விசாரிக்க முடியாது என்றும் அதிலேயே இருக்கிறது. போதாது என்று மாவோரிகளிலேயே பலர் சொல்கிறார்கள், நியாயம்தான். இருந்தாலும் எதிர்த்தரப்பு நாடுகள் கையெழுத்துப் போட்ட வாசகம் என்பதால் நீங்கள் கேட்டால் முடியாது என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது.

விதைநெல் எழுதியது:

விதைக்கு நான் சொல்கிறேன். பேச்சு பாதி உண்மை. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தம் 27.3(ஆ) பிரிவு, தாவர ரகங்களுக்குக் காப்புரிமையோ அல்லது பயனுள்ள ஒரு தனி முறையோ இருந்தால் போதும் என்கிறது. எந்த முறை என்பது அந்தந்த நாட்டின் இஷ்டம். சிக்கல் இருதரப்பு ஒப்பந்தங்களில்தான், புதிய தாவர ரகங்களை உருவாக்கியவர்களுக்கு உரிமை தரும் யூபோவ் 1991 உடன்படிக்கையில் சேர வேண்டும் என்று ஒரு வரி வந்து உட்காரும். பார்வைக்கு ஒன்றுமில்லாத வரி, பேரைச் சொல்லி ஒரு ஆண்டைச் சொல்லியிருக்கும். யூபோவ் 1991இல் பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைத் தன் நிலத்திலேயே மறுபடி விதைத்துக்கொள்ள நாடு விரும்பினால், வரம்போடு அனுமதிக்கலாம், அது கட்டாயம் இல்லை. பக்கத்து நிலத்துக்காரருக்குக் கொடுப்பதும் மாற்றிக்கொள்வதும் அந்த அனுமதிக்குள் வராது. பாரம்பரிய ரகங்களைத் தொடாது, பதிவுசெய்த ரகங்களைத்தான் தொடும், அதையும் பயமுறுத்தாமல் எங்கள் ஆட்களிடம் சொல்ல வேண்டும்.

ஆகவே யூபோவ் 1991 என்ற பேரே ஒப்பந்தத்தில் வரக்கூடாது, 27.3(ஆ) கொடுத்த சுதந்திரம் அப்படியே இருக்க வேண்டும் என்று ஒரே வாக்கியம் போதும்.

ஷரத்துவாசி எழுதியது:

கப்பலேறி சொன்ன நிரூபணச் செலவுக்கு ஒரு உதாரணம் சேர்க்கிறேன். இந்தோனேசியாவுக்கும் சுவிட்சர்லாந்து உள்ளிட்ட எஃப்டா என்ற ஐரோப்பிய வர்த்தகக் கூட்டணி நாடுகளுக்கும் போட்ட ஒப்பந்தத்தில், சுவிஸ் சந்தையில் பாமாயிலுக்கு வரிச்சலுகை உண்டு, ஆனால் அளவு வரம்போடு, அங்கீகரித்த நிலைத்தன்மைச் சான்று உள்ள எண்ணெய்க்கு மட்டும். சான்று இல்லாததைத் தடை செய்யவில்லை, அது பழைய வரியில் வரும். தண்டனைக்குப் பதிலாக ஊக்கம். சுவிட்சர்லாந்தில் இதை எதிர்த்து மக்கள் வாக்கெடுப்பே நடந்தது, 2021 மார்ச்சில் 51.6 சதவீத ஆதரவோடு மயிரிழையில் தப்பியது. அந்தச் சான்றுகள் எவ்வளவு நம்பகமானவை என்பது தனிச் சண்டை.

யாரும் தொடாத ஒன்று, முதலீட்டாளர் வழக்கு. நாடுகள் ஒன்றன் மேல் ஒன்று வழக்குப் போடுவது வேறு, வெளிநாட்டுக் கம்பெனியே அரசாங்கத்தின் மேல் வழக்குப் போடுவது வேறு. உருகுவே சிகரெட் பெட்டியில் எச்சரிக்கைப் படத்தைப் பெரிதாக்கியதற்கு ஃபிலிப் மோரிஸ் 2010இல் வழக்குப் போட்டது. 2016இல் உருகுவே ஜெயித்தது, செலவில் 70 லட்சம் டாலரைக் கம்பெனி கொடுக்க வேண்டும் என்றும் தீர்ப்பானது. நல்ல முடிவு. ஆனால் இடைப்பட்ட ஆறு வருடம் மற்ற நாடுகள் என்ன செய்தன தெரியுமா? ஆஸ்திரேலியாவின், கம்பெனிச் சின்னம் இல்லாத வெற்றுச் சிகரெட் அட்டைச் சட்டத்தின் மேல் வழக்கு நடந்தபோது நியூசிலாந்து, முடிவைப் பார்த்துக்கொண்டு போடுகிறோம் என்று தன் சட்டத்தை நிறுத்தி வைத்தது. ஒப்பந்தத்தில் முதலீட்டு அத்தியாயம் இருந்தால், சுகாதாரம், சுற்றுச்சூழல், நிலம், நீர் சம்பந்தப்பட்ட விதிகள் மேல் இப்படி வழக்குப் போட முடியாது என்று கேளுங்கள். ஊராட்சி அளவில் எடுக்கும் முடிவும் அதில் சேர வேண்டும். மெக்சிகோவில் மெட்டல்கிளாட் என்ற கம்பெனியின் நச்சுக் கழிவுக் கிடங்குக்கு ஒரு நகராட்சி அனுமதி மறுத்தது, 2000இல் தீர்ப்பாயம் மெக்சிகோ அரசை 1.6 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது.

கடைசி_பெஞ்சு எழுதியது:

எல்லாம் சரி, இந்த இரண்டு பக்கத்தை அங்கே யாராவது படிப்பார்களா? கருத்துக் கேட்டோம் என்று ஒரு பட்டியலில் உங்கள் கூட்டமைப்பின் பேர் ஏறும், அதற்குத்தானே கேட்கிறார்கள்.

ஷரத்துவாசி எழுதியது:

அதுவும் நடக்கும். ஆனால் 2016இல் கனடா–ஐரோப்பா ஒப்பந்தத்தை பெல்ஜியத்தின் ஒரு பகுதியான வலோனியாவின் பிராந்திய நாடாளுமன்றம் சில வாரம் தடுத்து நிறுத்தியது. விவசாயமும் முதலீட்டாளர் வழக்கும்தான் முக்கிய ஆட்சேபம். விளக்க ஆவணங்கள் வாங்கிக்கொண்டு பிறகு வழிவிட்டார்கள். அவர்களிடம் கையெழுத்தைத் தடுக்கிற அதிகாரம் இருந்தது, உங்களிடம் இல்லை, அதனால் அரசைக் கேள்வி கேட்க முடிகிற சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் அதே இரண்டு பக்கத்தை அனுப்புங்கள். பேச்சுவார்த்தைக் குழுவுக்குக்கூட இது உதவும். எங்கள் நாட்டில் இதற்கு எதிர்ப்பு என்று எதிர்த்தரப்பிடம் காட்ட ஒரு காகிதம் கிடைத்தால் அவர்கள் வேண்டாம் என்று சொல்வதில்லை.

வரப்போரம் எழுதியது:

சரி, வரைவு எழுதத் தொடங்கிவிட்டேன். விலக்க வேண்டிய பொருள்கள் என்று பால், தானியம், இரண்டு மூன்று கைவினைப் பொருள் போட்டிருக்கிறேன். இது போதுமா, இன்னும் விவரம் வேண்டுமா? எந்தக் கட்டத்துக்குள் கொடுத்தால் பயன்?

கப்பலேறி எழுதியது:

பால் என்று மட்டும் எழுதினால் ஒரு பயனும் இல்லை. அங்கே பேசுவது சுங்கக் குறியீட்டு எண்ணில். திரவப் பால் 0401, பால் பவுடர் 0402, மோர்நீர்ப் பொருள்கள் 0404. இந்த மூன்றையும் விலக்கிவிட்டு நிம்மதியாக இருந்தால் பால் புரதமான கேசீன் 3501இல் வரும், பாலும் மாவும் கலந்த தயாரிப்பு 1901இல் வரும், உள்ளே வந்த பிறகு அதெல்லாம் உங்கள் பாலின் இடத்தைத்தான் பிடிக்கும். தானியத்துக்கும் அப்படியே, மாவு, ஸ்டார்ச், உடைத்தது, வேகவைத்தது எல்லாம் வேறு வேறு எண். கைவினையில் கையால் செய்ததற்கும் இயந்திரத்தில் செய்ததற்கும் பல இடங்களில் ஒரே எண்தான், அங்கே தனி உட்பிரிவு கேட்க வேண்டும்.

அப்புறம் மூன்றாவது நாட்டுச் சரக்கு லேபிள் மாற்றி வராமல் இருக்க, சரக்கு எந்த நாட்டுடையது என்று தீர்மானிக்கும் தோற்ற விதி வேண்டும். முழுக்க அந்த நாட்டிலேயே விளைந்ததாக இருக்க வேண்டும் என்று விவசாயப் பொருளுக்கு எழுதுங்கள், மதிப்புக்கூட்டல் சதவீதம் என்றால் கணக்கில் விளையாடுவார்கள்.

இரு தரப்பும் முதல் சலுகைப் பட்டியலைப் பரிமாறிக்கொள்வதற்கு முன்னால் கொடுத்துவிடுங்கள். ஒருமுறை பட்டியலில் போன பொருளைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால் பதிலுக்கு இன்னொன்றைக் கொடுக்க வேண்டும், அந்த இன்னொன்று யாருடையது என்று உங்களிடம் கேட்க மாட்டார்கள். பொருள் பட்டியலை இங்கேயே போடுங்கள், எண்களை நான் சரிபார்த்துத் தருகிறேன்.